என் பெயரில் நீ கேட்ட மன்னிப்பு

அன்பு மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். இங்கே உடம்பைப் பொறுத்தவரை எல்லோருக்கும் சௌக்கியம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் விரிப்பு தேய்க்கும் மெஷின் உருளையில் மாட்டி என் கட்டை விரல் நகம் கறுத்துப் போயிருக்கிறது, பயப்படாதே, எலும்புக்கு ஒன்றுமில்லை, பேனா பிடிக்கத்தான் வரவில்லை. ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நான் வாயைத் திறந்தால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பாதியில் மடித்துப் போட்டாலும் மீதி உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இன்னொரு விஷயம், கெட்ட வார்த்தை சொன்னால் எழுத மாட்டேன் என்று உன் தங்கை முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் கீழே எங்காவது நான் ஒரு மனுஷரை 'அவர்' என்று மரியாதையாகச் சொல்வது போல் இருந்தால், அது இவள் போட்ட மரியாதை, என்னுடையது இல்லை.

அந்த 'அவர்' யார் என்று உனக்குத் தெரியும். கோபுரக் குடியிருப்பில் எட்டாவது மாடிக்காரர், கையை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு காலையும் மாலையும் நடப்பவர், நம் தெரு மொத்தமும் நடைக்காரர் என்று கூப்பிடுகிற ஆள், உன் வேலைக்கு ஒரு வார்த்தை சிபாரிசு சொன்னவர். போன வாரம் நீ ஃபோன் செய்து, நடைக்காரரிடம் பேசி எல்லாவற்றையும் முடித்துவிட்டேன்மா, இனிமேல் ஒரு தொல்லையும் இல்லை, நீயும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போ என்றாய். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஆனால் நீ பேசியது ஒரு எழுத்து விடாமல் எனக்குத் தெரியும். எப்படித் தெரிந்தது என்பதைக் கீழே சொல்கிறேன், அதற்கு முன்னால் இங்கே நடந்ததை வரிசையாகக் கேள், ஏனென்றால் நீ அவர் வாயால் மட்டும்தான் கேட்டிருக்கிறாய்.

நீ கிளம்பிப் போகும்போது நம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற காடு திறந்து கிடந்தது. நான்கு பக்கமும் கட்டடம் எழும்பி, நடுவில் எப்படியோ யார் கண்ணிலும் படாமல் தப்பித்த காடு. ஊற்றில் தண்ணீர், அடுப்புக்குச் சுள்ளி, கிள்ளி வதக்கக் கீரை, வெயில் நாளில் பிள்ளைகளுக்கு நிழல் என்று நமக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான். குழாயை நம்பி யார் இருந்தார்கள்? கோபுரத்து மோட்டார்கள் இழுத்துக்கொண்டது போக, நம் குழாய் நாலு தடவை இருமிக் காட்டுவதோடு சரி. நீ போன பிறகு நடைக்காரர் மர நண்பர்கள் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார், நகர அலுவலகத்தில் பேசிக் காட்டைப் பராமரிப்புக்கு எடுத்தார், சுற்றிலும் கம்பி வேலி போட்டார், கோபுரத்துப் பக்கம் ஒரு கேட், கேட்டுக்கு ஒரு காவலாளி, உள்ளே போக ஒரு கார்டு. கார்டு சங்க உறுப்பினர்களுக்கு மட்டும். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், எதையும் தொடக் கூடாது. குப்பை போனது உண்மை, குடித்துவிட்டு விழுந்து கிடந்தவர்கள் போனதும் உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் குப்பையோடு சேர்த்து நம்மையும் கூட்டித் தள்ளிவிட்டார்கள். ஊற்றைச் சுற்றி வழவழவென்று கல் பதித்து, பக்கத்தில் 'இங்கே ஆழ்ந்து மூச்சு விடுங்கள்' என்று பலகை வைத்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரி அதைப் படித்துவிட்டு, மூச்சு விடுவதற்கும் கார்டு வேண்டுமா என்று காவலாளியைக் கேட்டாள். அவன் பாவம், தலைவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். காய்ந்து விழுந்த கிளையையாவது பொறுக்கிக்கொள்கிறோம் என்று நான் நேரில் போய்க் கேட்டதற்கு, அது வண்டுகள் குடியிருக்கிற இடம், எடுத்தால் அதுகள் எங்கே போகும் என்றார் நடைக்காரர். வண்டுகளுக்கு மட்டும் கார்டு கேட்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன், அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் அவர் வணக்கம் சொல்வதில்லை.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பேன். விட முடியாத ஒன்று இருக்கிறது, அதை உன்னிடம் நாங்கள் சரியாகச் சொல்லவே இல்லை. ஊற்று மூடின பிறகு தெருவுக்குத் தண்ணீர் லாரி வர ஆரம்பித்தது. பகலில்தான் வரும், எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் கொஞ்ச நேரம்தான் நிற்கும், அந்த நேரத்தில் வீட்டு ஆள் குடத்தோடு நிற்காவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. எனக்குச் சலவைப் பிரிவில் விடிந்ததும் வேலை, அப்பா முதல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். யார் நிற்பது? ஒரு நாள் இவள் நின்றாள், அப்புறம் வாரத்தில் ஒரு நாள், அப்புறம் பாதி நாள். பள்ளிக்கூடத்தில் பெயரை அடித்துவிட்டார்கள். படிப்பு பிடிக்கவில்லை என்று நின்றுவிட்டாள் என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். இவள்தான் அப்படிச் சொல்லச் சொன்னாள், அண்ணன் வருத்தப்படுவான் என்று. இந்த வரியை எழுத மாட்டேன் என்று இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், நான் அதட்டின பிறகுதான் எழுதுகிறாள். மறுபடியும் போகிறாயா என்று கேட்டால், சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கிறது என்று தலையைக் குனிந்துகொள்கிறாள். அவர்கள் ஆழ்ந்து மூச்சு விட, என் பிள்ளை வெயிலில் நின்று படிப்பைத் தொலைத்தாள். இப்போது சொல், நான் எதை விட்டுக்கொடுப்பது?

எங்களால் முடிந்த சின்னச் சின்னக் காரியங்களை ஆரம்பத்திலிருந்தே செய்துகொண்டுதான் இருக்கிறோம், அதையும் கேட்டுவிட்டு நீ சிரிக்கலாம். நடைக்காரர் வீட்டுத் துணி திருத்தத்துக்கு நம் தையல்காரியிடம்தான் வருகிறது. அவள் ஒவ்வொரு முறையும் அவருடைய பேண்ட் இடுப்பை ஒரு விரல் உள்ளே பிடித்துத் தைத்து அனுப்புகிறாள். வயிறு போட்டுவிட்டது என்று பயந்துபோய் மனுஷர் தினமும் இரண்டு சுற்று கூடுதலாக நடக்கிறார். உன் அப்பாவின் குணம் உனக்குத் தெரியும், வம்பு வேண்டாம், வம்பு வேண்டாம் என்பார். மழை பெய்த ஒரு நாள் கோபுரத்து நிறுத்தத்தில் நடைக்காரர் வெள்ளைச் சட்டையோடு நின்றிருக்கிறார், அப்பா ஓட்டி வந்த பஸ் அங்கே இருந்த குட்டையில் இறங்கி ஏறியிருக்கிறது. பிரேக் சரியில்லை என்று அப்பா இன்றைக்கும் சாதிக்கிறார். எப்படியோ, அப்பாவுடைய கோபமெல்லாம் அந்த ஒரு குட்டையோடு தீர்ந்துபோயிற்று, என்னுடையது தீரவில்லை.

நம் தெருவில் வரிசை எப்படி என்பது உனக்கு நினைவிருக்கும். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. வைத்துவிட்டு நீ வேலைக்குப் போகலாம், தூங்கலாம், குடம் உன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், தண்ணீர் வரும்போது பிடிக்கத்தான் ஆள் வேண்டும். ஜென்மப் பகை இருந்தாலும் ஒருத்தி குடத்தை இன்னொருத்தி நகர்த்த மாட்டாள். அதை வைத்துத்தான் நான் ஒரு யோசனை செய்தேன். தினமும் வேலைக்குப் போவதற்கு முன்னால் தெருப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு காலிக் குடத்தைக் கொண்டுபோய்க் காட்டுக் கேட்டின் முன்னால் வரிசையாக வைத்துவிட்டுப் போவோம். சத்தமில்லை, கோஷமில்லை. நடக்க வருகிற சங்கத்துக்காரர்கள் எல்லோரும் எங்கள் குடங்களைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். என்ன இது என்று கேட்டவர்களுக்குக் காவலாளி, வரிசையில் நிற்கிறார்கள் என்று பதில் சொல்லியிருக்கிறான், அவனும் தண்ணீருக்கு நிற்கிற வீட்டுப் பிள்ளைதானே. சிலர் முகம் சுளித்தார்கள், ஒன்றிரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். நடைக்காரர் மட்டும் வேண்டுமென்றே ஒவ்வொன்றையும் காலால் லேசாகத் தட்டிக்கொண்டே போவார், பானை வாங்க வந்தவன் தட்டிப் பார்க்கிற மாதிரி. ஒரு நாள் மாலையில் எடுத்து வரப் போனால் காலையில் வைத்த குடம் ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, கேட்பாரற்றுக் கிடந்த பிளாஸ்டிக்கை அப்புறப்படுத்திவிட்டோம் என்றார்கள். அது எங்கள் குடம் என்று அவருக்குத் தெரியாது என்று நீ சொல்வாய். தினமும் காலால் தட்டிப் பார்த்தவருக்கா தெரியாது?

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காட்டில் பெரிய விழா நடந்தது. நகர அலுவலகத்துப் பெரிய அதிகாரி அம்மாள் வருகிறார்கள், கூட்டம் தெரிய வேண்டும் என்பதற்காக நம் தெருவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதானே, கார்டு வேண்டாம், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நல்ல துணி உடுத்திக்கொண்டு கிளம்பினோம். உள்ளே போனால் கேட்டிலிருந்து ஊற்று வரைக்கும் பாதை ஓரமாகப் பச்சைப் பெயிண்ட் அடித்த தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மரக்கன்று, மேலே 'எறிந்த பொருளில் எழும் பசுமை' என்று ஒரு துணிப் பலகை. தையல்காரிதான் முதலில் பார்த்தாள். அவள் குடத்தின் கழுத்தில் இஸ்திரிப் பெட்டி பட்டு உருகின இடம் ஒன்று உண்டு, பெயிண்டுக்கு அடியிலும் அது அப்படியே இருந்தது. அத்தனையும் எங்கள் குடங்கள். வாயை அகலமாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி வைத்திருந்தார்கள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எங்களை உள்ளே விடக் கூடாது என்று இத்தனை பாடுபட்ட மனுஷர், நாங்கள் வெளியே போட்ட வரிசையை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஊற்று வாசலில் நிறுத்தியிருந்தார். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி என்பது அவருக்குத் தெரியாது. நேராகப் போய் என் குடத்தின் பின்னால் நின்றேன். என்னைப் பார்த்துத் தையல்காரி அவள் குடத்தின் பின்னால் நின்றாள், அப்புறம் ஒவ்வொருத்தியாக. முதல் குடம் நம்முடையது என்பதால் உன் தங்கையும் என் பக்கத்தில்.

அதிகாரி அம்மாள் பூவாளியோடு முதல் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தார்கள், நம் குடத்துக்குத்தான். ஊற்றின தண்ணீர் அடி ஓட்டை வழியாக ஓடி அவர்கள் செருப்பிலேயே பட்டது. காலைத் தூக்கிக்கொண்டே, இவர்கள் எல்லாம் யார் என்று கேட்டார்கள். நடைக்காரர் முந்திக்கொண்டு, நம் தொண்டர்கள் மேடம், பழைய குடம் கொடுத்து உதவினவர்கள் என்றார். அந்த இடத்தில் எனக்கு வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தை, அதை இவள் எழுத மாட்டாள், சபையில் சொல்லவும் முடியாது. அப்போது இவள் பேசினாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற உன் தங்கை, தரையைப் பார்த்துக்கொண்டே, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நாங்க தண்ணிக்கு நிக்கிறோம் மேடம். இது எங்க குடம். எங்க முறை வந்துடுச்சு" என்றாள். இதை எழுதும்போது இவளுக்குக் காது சிவந்துவிட்டது. குடத்தில் ஓட்டை போட்டது யார் என்று அந்த அம்மாள் கேட்டார்கள். இவள் யாரையும் கை காட்டவில்லை, சும்மா தலையைத் திருப்பி நடைக்காரரைப் பார்த்தாள், அவ்வளவுதான். பூமி பிளந்தால் உள்ளே போய்விடுவேன் என்கிற மாதிரி இருந்தது அவர் முகம், இடுப்பு வேறு இறுக்கிக்கொண்டிருந்திருக்கும். வருகிற மாதம் முதல் வியாழக்கிழமை நானே வருகிறேன், இரண்டு பக்கமும் கேட்டு, இந்தத் தெருப் பக்கம் ஒரு கேட் வைப்பதா, எந்த நேரத்தில் தண்ணீர் எடுப்பது என்பதை முடிவு செய்கிறேன் என்று எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனார்கள். நாங்கள் மண்ணையும் கன்றையும் பதமாக இறக்கி வைத்துவிட்டு, ஓட்டைக் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தோம். அன்றைக்கு இரவுச் சாப்பாடு ருசித்த மாதிரி எனக்கு வெகு நாளாக எதுவும் ருசிக்கவில்லை.

இதற்கு அப்புறம்தான் இந்த விவகாரத்துக்குள் நீ வந்தாய். நடைக்காரர் உன்னை ஃபோனில் கூப்பிட்டார், உன் அம்மா சபையில் என்னை அவமானப்படுத்திவிட்டாள் என்று அழுதிருப்பார், உனக்குச் செய்த சிபாரிசையும் நடுவில் நினைவுபடுத்தியிருப்பார். நீ பேசி முடித்துவிட்டேன் என்று எனக்குச் சொன்ன மறுநாள், கோபுரத்துக் கூட்ட அறைக்கு வரச் சொல்லி எனக்கு ஆள் வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள், ஒரு வார்த்தைதானே, வருத்தம் என்று சொல்லிவிட்டு வந்துவிடு, உன் ரோஷத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கிடைக்கப்போகிற ஊற்றுத் தண்ணீர் ஏன் நின்றுபோக வேண்டும் என்று தையல்காரிகூட வாசலில் நின்று கெஞ்சினாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். பையில் என் ஓட்டைக் குடமும் இருந்தது, அதை ஏன் எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியாது. அறை முழுக்கச் சங்கத்து ஆட்கள், ஏசி, துணி போர்த்திய நாற்காலிகள். வாங்கம்மா உட்காருங்கள் என்று நடைக்காரர் தேன் மாதிரிப் பேசினார். அப்புறம் தன் ஃபோனை மேசை மேல் வைத்து எதையோ அழுத்தினார். உன் குரல் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நீ வந்துவிட்டாய் என்று நினைத்து நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ இல்லை. உன் குரல் மட்டும் மேசை மேலிருந்து பேசியது. "எங்கம்மா படிக்காதவங்க சார். தெரியாம பண்ணிட்டாங்க. அவங்க சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சிரித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், பாவம் என்று பார்த்தார்கள். அதுவரைக்கும் வருத்தம் என்று சொல்லிவிடலாமா என்று கொஞ்சம் இளகியிருந்த மனசு அந்த நிமிஷம் கல்லாகிவிட்டது. பையிலிருந்து குடத்தை எடுத்து அவர் முன்னால் மேசை மேல் வைத்தேன். "இதை நிறைச்சு என் தலையில தூக்கி வைங்க சார். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நிறைஞ்சிருந்தா, நானே என் வாயால மன்னிப்புக் கேக்குறேன்" என்றேன். பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். நடைக்காரர் குடத்தைப் பார்க்கவே இல்லை. நீங்கள் கேட்க வேண்டியதில்லை அம்மா, உங்கள் மகன் கேட்டதே போதும், பிரச்சினை தீர்ந்தது, தெருக்காரர்கள் தவற்றை ஒப்புக்கொண்டார்கள் என்று அதிகாரிக்குச் சொல்லிவிட்டேன், உங்கள் மகன் பேசினதையும் அனுப்பிவிட்டேன், இனி அவர்கள் வரத் தேவையில்லை என்றார். நகர அலுவலகத்தில் போய் விசாரித்தோம். உண்மைதான். உங்கள் வீட்டுப் பிள்ளையே ஒப்புக்கொண்டிருக்கிறானே, அவனே மறுத்தால்தான் அம்மாள் வருவார்கள், அதுவும் அந்த வியாழனுக்குள் என்று அங்கே உட்கார்ந்திருந்தவர் சொன்னார். ஆக, இப்போது கேட்டைப் பூட்டி வைத்திருப்பது நடைக்காரர் இல்லை, நீதான்.

நான் படிக்காதவள், அது உண்மை. ஆனால் தெரியாமல் செய்யவில்லை. குடம் வைத்ததும் தெரிந்துதான், பின்னால் நின்றதும் தெரிந்துதான், அவர் முகம் கறுத்ததைக் கண் கொட்டாமல் பார்த்ததும் தெரிந்துதான். உனக்கு அவர் சிபாரிசு செய்ததை நான் மறக்கவில்லை, அதற்காக இத்தனை வருஷம் வழியில் கண்டால் ஒதுங்கி நின்று வழி விட்டிருக்கிறேன், அதற்கு மேல் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மன்னிப்பு என்பது என் வாயில் இருக்கிற பொருள். அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. நீ என்னைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டாய், ஆகவே நீயே திரும்ப வாங்கித் தா. எப்படி என்று சொல்கிறேன், ஒழுங்காகக் கேட்டுக்கொள். அவரைத் தனியாக இருக்கும்போது கூப்பிடாதே. மாலையில் நடக்கிற நேரத்தில், சுற்றிலும் நாலு சங்கத்துக்காரர்கள் இருக்கும்போது கூப்பிடு, அந்த நேரத்தில் ஃபோனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் வைத்துப் பேசுவார், அது அவருக்குப் பெருமை. வணக்கம் சொல், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேள், மரியாதை குறையக் கூடாது. அப்புறம், சார், போன தடவை பேசினதைப் பதிவு செய்தீர்களே, இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, எங்கம்மா மன்னிப்புக் கேட்கவில்லை, அவர்கள் செய்தது தெரிந்துதான், நான் கேட்டதுதான் தவறு என்று சொல். இதையே நகர அலுவலகத்துக்கும் எழுதி அனுப்பு. வியாழனுக்கு முன்னால் இரண்டும் நடக்க வேண்டும்.

கேட் திறந்தால் கோபம் தணிந்துவிடும் என்று கணக்குப் போடாதே. திறந்த பிறகு தினமும் அவர் நடந்து வருகிற நேரம் பார்த்து ஊற்றுக்குப் போவேன். அவசரமே இல்லாமல் குடத்தைக் கழுவுவேன், உள்ளே கழுவி, வெளியே கழுவி, மறுபடியும் உள்ளே கழுவுவேன். பாதையில் நான் நகர்கிற வரைக்கும் அவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆழ்ந்து மூச்சு விடட்டும், பலகைதான் இருக்கிறதே.

மற்றபடி, நீ அனுப்பின ஸ்வெட்டர் அப்பாவுக்குச் சரியாக இருக்கிறது, பஸ்ஸில் போட்டுக்கொண்டு போய் எல்லோரிடமும் காட்டுகிறார். இந்த விஷயத்தில் அவர் இன்னும் வம்பு வேண்டாம் என்றுதான் சொல்கிறார், ஆனால் நீ பேசினதைக் கேட்ட நாளிலிருந்து இரவில் சரியாகச் சாப்பிடுவதில்லை. தையல்காரி நடைக்காரரின் பேண்டில் இன்னும் ஒரு விரல் பிடித்துவிட்டாள். நீ சளியை அலட்சியம் செய்யாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே, கிடைத்ததைத் தின்றுவிட்டுப் படுக்காதே. அம்மா கோபமாக எழுதியிருக்கிறாள் என்று சாப்பிடாமல் இருந்துவிடாதே, கோபம் வேறு, சாப்பாடு வேறு. உனக்கு எந்தக் குறையும் வராமல், தலை நிமிர்ந்து, நாலு பேர் மதிக்க நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். முதல் வியாழக்கிழமை, மறந்துவிடாதே.

உன் நல்லதையே நினைக்கிற,
அம்மா
(எழுத்து தங்கையுடையது, வார்த்தை என்னுடையது)

அண்ணா, இது அம்மா சொல்லி எழுதுவது இல்லை. உறையை ஒட்டுவதற்கு முன்னால் நானாக எழுதுகிறேன். நீ நடைக்காரரைக் கூப்பிடாமல் விட்டாலும் அம்மா உன்னை மன்னித்துவிடுவார்கள். கொஞ்ச நாள் பேசாமல் இருப்பார்கள், அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். நான் மாட்டேன்.